இருந்த இடமா, வெளியே கால் ஏக்கரா, தொடர்மாடியா? வன்னி நகரங்களில் ஒதுக்கீட்டுக் காணியில் குடியிருப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

கிளிநொச்சியிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் வாசகர்கள் கேட்டு எழுதுவது சுற்றிச் சுற்றி ஒரே விடயம்தான். வாய்க்கால் கரையில், புகையிரதப் பாதை ஓரத்தில், குளத்தின் ஒதுக்கீட்டில், அதாவது குளத்துக்கென்று அரசாங்கம் ஒதுக்கி வைத்த காணியில் குடியிருக்கிறார்கள். சிலர் மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வந்தவர்கள், சிலர் அதற்கும் முந்திய தலைமுறை. இப்போது வீதி அகலிக்கிறது, அல்லது வாய்க்கால் புனரமைப்பு வருகிறது, அல்லது ஏதோ ஒரு கட்டடத்துக்கு அந்த இடம் தேவைப்படுகிறது. கிராம அலுவலர் கூட்டத்துக்கு அழைக்கிறார். நகரத்துக்கு வெளியே கால் ஏக்கர் தருவதாகவும் வீட்டுத்திட்டம் ஒன்று கிடைக்கலாம் என்றும் சொல்கிறார்கள். விருப்பம் தெரிவித்துக் கையெழுத்து வைக்க வேண்டுமாம். வைக்கலாமா?

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளம் புகாத இடமாக இருந்தால், இருந்த இடத்தையே ஒழுங்குபடுத்தித் தரும்படி கேட்பதுதான் பெரும்பாலான கூலிக் குடும்பங்களுக்கு நல்லது. கால் ஏக்கர் என்றதும் மனம் இளகுவது இயல்பு. காணி இல்லாமல் இரண்டு தலைமுறை அலைந்தவர்களுக்கு அந்த அளவு பெரிதாகத்தான் தெரியும். ஆனால் நகரத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தைத் தாங்கி நிற்பவை இரண்டு: வேலைக்குப் போகும் தூரம், கையில் இருக்கும் பத்திரம். காணியின் அளவு அவற்றுக்குப் பிறகுதான் வருகிறது. இந்தச் சாய்வுக்கு விலக்குகளும் உண்டு. அவற்றையும் உரிய இடத்தில் சொல்கிறேன்.

## ஒரே ஊருக்குள் இரண்டு வரிசை

கிளிநொச்சி 1936 இல் குடியேற்றத் திட்டமாகத் தொடங்கிய ஊர். யாழ்ப்பாணத்தின் இடநெருக்கடியையும் வேலையின்மையையும் குறைப்பது அதன் நோக்கம். முன்னால் வந்தவர்களுக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயலும் மேட்டுக்காணியும் அனுமதிப்பத்திரத்தோடு கிடைத்தன. 1958, 1977, 1983 கலவரங்களில் மலையகத்திலிருந்து அடித்துத் துரத்தப்பட்டு வந்தவர்களுக்குக் கிடைத்தது காடு வெட்டிய மேட்டுநிலம். பெரும்பாலும் அதற்கு வாய்க்கால் இல்லை; பலருக்குப் பத்திரமும் இல்லை. மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம் போன்ற இடங்களின் கதை இதுதான். முன்னால் வந்தவர்களின் வயலில் பின்னால் வந்தவர்கள் கூலிக்கு நின்றார்கள். ஊர் நகரமானபோது அந்த வரிசை அப்படியே நகரத்துக்குள்ளும் வந்துவிட்டது.

வவுனியாவின் வழி வேறு. 1990 களில் பூந்தோட்டம், சிதம்பரபுரம் போன்ற இடங்களில் அமைந்த முகாம்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தவர்களில் பலருக்குத் திரும்பிப் போக ஊர் இல்லாமல் போனது. 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தார்கள். 2012 செப்டெம்பரில் அது மூடப்பட்டது. அதன் பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கொடுத்தார்கள். ஆனால் வீடு கட்டக் காணி வேண்டும், அதற்கு ஒரு துண்டுப் பத்திரமாவது வேண்டும். காணி இல்லாதவர்கள் பட்டியலிலேயே ஏறவில்லை. அப்படி விடுபட்டவர்கள் வேலை கிடைக்கும் இடமாகப் பார்த்து நகரத்தின் ஓரங்களில் ஒதுங்கினார்கள்.

அதே காலத்தில் ஏ9 வீதியின் முகப்பு வங்கிகளாலும் காட்சியறைகளாலும் நிறைந்தது. புகையிரதம் 2013 இல் கிளிநொச்சிக்குத் திரும்பியது. வெளிநாட்டுப் பணம் வந்தது, காணி விலை ஏறியது. முகப்பிலிருந்து சற்று உள்ளே போனால் தகர வேலிக் குடியிருப்பு. அங்கிருப்பவர்கள்தான் முகப்புக் கடைகளில் மூட்டை இறக்குகிறார்கள், கட்டடத்துக்குச் சாந்து குழைக்கிறார்கள், குப்பை அள்ளுகிறார்கள். நகரத்துக்கு அவர்களின் உழைப்பு வேண்டும், அவர்கள் குடியிருக்கும் இடமும் வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிளிநொச்சி நகரம் இன்னும் கரைச்சி பிரதேச சபையின் கீழேயே இருக்கிறது. அதற்கென்று நகரசபை இல்லை. வடிகால், குப்பை, உள்வீதி எல்லாவற்றையும் ஒரு கிராமப்புறச் சபைதான் சுமக்கிறது. வவுனியாவில் மாநகர சபை இருக்கிறது. ஒழுங்கைக்கு வடிகால் கேட்டு எந்தக் கதவைத் தட்டுவது என்பது இதைப் பொறுத்தது.

## எதை வைத்து அளப்பது

அளவுகோல்கள் ஐந்து. எல்லாவற்றுக்கும் சம எடை இல்லை.

தூரம். கூலி வேலைக்கு அழைப்பு காலை ஆறரைக்கு வரும். ஏழு மணிக்கு மேல் வந்தவரை மேசன் திருப்பி அனுப்பிவிடுவார். பள்ளிக்கூடம், வைத்தியசாலை, சந்தை மூன்றும் தூரத்துக்குள்ளேயே அடங்கும்.

பத்திரம். எந்தப் பத்திரம், யார் பெயரில், எத்தனை ஆண்டுக்கு? ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய அனுமதி ஒன்று. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் அனுமதிப்பத்திரம் வேறொன்று. அது பின்னாளில் அளிப்பாக, அதாவது நிலையான உரிமை தரும் அரச பத்திரமாக மாறக்கூடியது. முழு உரிமையுள்ள உறுதி இன்னொன்று. கூட்டத்தில் எல்லாவற்றையும் "பத்திரம்" என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுவார்கள்.

தண்ணீர். மாரியில் வெள்ளம் எவ்வளவு வரும், கோடையில் கிணறு எதுவரை வற்றும்.

மாதச் செலவும் கடனும். வீடு இலவசம் என்றாலும் அதில் வாழ்வது இலவசம் இல்லை.

அயல். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரி, கைமாற்றுத் தரும் கடைக்காரர், சீட்டுக் கூட்டம். இதற்கு எந்த மதிப்பீட்டு அறிக்கையிலும் பணம் போடுவதில்லை.

முதல் இரண்டும் சேர்ந்தால் பாதிக்கு மேல். வெள்ளம் மட்டும் தனி: அது உயிர் சம்பந்தப்பட்டது, மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிடும்.

## முதல் வழி: இருந்த இடத்தை ஒழுங்குபடுத்துவது

இதை யாரும் தாமாகத் தரமாட்டார்கள், கேட்டு வாங்க வேண்டும். கேட்பதற்கான முன்னுதாரணம் இந்த நாட்டிலேயே இருக்கிறது. 1984 இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தின் நகரப் பிரிவில் கொழும்பின் சேரிகள் பலவற்றை இடிக்காமல் திருத்தினார்கள். குடியிருப்பாளர்கள் சபை அமைத்து, நில அளவையாளரோடு கூட நின்று, தங்கள் ஒழுங்கைகளைத் தாங்களே வகுத்தார்கள். வழமையான விதி ஒரு வீட்டுத் துண்டுக்கு 6 பேர்ச் கேட்டது. அந்த இடங்களை விசேட திட்டப் பகுதிகளாக அறிவித்து அதை 2 பேர்ச்சுக்கு இறக்கினார்கள். அந்த ஆண்டுகளில் வன்னி போருக்குள் போய்க்கொண்டிருந்தது. தாய்லாந்தில் 2003 இல் தொடங்கிய பான் மன்கொங் திட்டமும் இதே பாதையில் போனது. அங்கே காணி உரிமையும் கூட்டு, கடனும் கூட்டு.

நம் ஊரில் இந்த ஒழுங்குபடுத்தல் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். வாய்க்கால் கட்டிலிருந்து இறங்கினால் ஓட்டோ நுழையாத ஒழுங்கை, இரு பக்கமும் துருப்பிடித்த தகர வேலி. பிரசவ வலி வந்த பெண்ணைக் கதிரையில் இருத்தி மதகுவரை தூக்கி வர வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் அதற்கு மேல் வராது. ஒரு வீட்டு மலசலகூடக் குழிக்கும் அடுத்த வீட்டுக் கிணற்றுக்கும் இடையே பதினைந்து அடி இருக்கும். சுகாதாரப் பரிசோதகர் 50 அடி கேட்பார். மாரியில் நிலத்தடி நீர் மேலே ஏறினால் குழியும் கிணறும் ஒன்றாகிவிடும். இதற்கு மருந்து இடமாற்றம் என்பார்கள். ஒவ்வொரு வேலியும் நான்கு அடி பின்வாங்கினால் ஒழுங்கை பத்து அடியாகும். அம்புலன்ஸ் உள்ளே வரும், குழாய்நீர் வரும், கிணற்றைக் குடிநீருக்கு நம்பத் தேவையில்லாமல் போகும். வாய்க்கால் கட்டை ஒட்டியிருக்கும் முதல் வரிசைக் குடும்பங்களை மட்டும் அதே குடியிருப்பின் பின்பக்கம் நகர்த்தினால் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் இயந்திரம் போகவும் வழி கிடைக்கும்.

இதன் மறைந்த செலவுகளில் முதலாவது, காணி எந்தத் திணைக்களத்துடையது என்பது. புகையிரதப் பாதை ஒதுக்கீடு புகையிரதத் திணைக்களத்துடையது, குள ஒதுக்கீடு நீர்ப்பாசனத் திணைக்களத்துடையது அல்லது கமநல அபிவிருத்தித் திணைக்களத்துடையது, காட்டு ஓரம் வனவளத் திணைக்களத்துடையது. உரிய திணைக்களம் விடுவிக்கும்வரை பிரதேச செயலாளர் மனம் வைத்தாலும் பத்திரம் எழுத முடியாது. இந்தக் கடிதப் போக்குவரத்து ஆண்டுகளை விழுங்கும். குள ஒதுக்கீட்டை விடுவிக்கவே மாட்டார்கள் என்று வைத்துக்கொள்வது நல்லது. பல இடங்களில் விடுவிக்கவும் கூடாது.

இரண்டாவது செலவு வீட்டுக்குள்ளேயே வரும். வேலியை நான்கு அடி பின்னுக்கு இழுப்பது பேச்சில் சுலபம். அந்த நான்கு அடியில் காய்க்கும் தென்னை நிற்கும், அல்லது கடன்பட்டுக் கட்டிய குசினிச் சுவர் நிற்கும். யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதில் சங்கம் இரண்டாகப் பிளந்த குடியிருப்புகள் உண்டு. அளவையாளர் வருவதற்கு முன்பே கயிறு பிடித்து ஆளுக்காள் சம்மதத்தைக் கொப்பியில் எழுதி வைக்காத சங்கங்களே பெரும்பாலும் அப்படி உடைகின்றன.

மூன்றாவது, பத்திரம் வந்த பிறகு வருவது. நகர நடுவில் பத்திரமுள்ள காணிக்கு விலை உண்டு. தரகர் வருவார். அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இன்றி விற்க முடியாது என்பதால் வெள்ளைக் கடதாசியில் எழுதிப் பணத்தைக் கையில் தருவார்கள். சட்டத்தின் முன் அது செல்லாது. விற்றவர் பணத்தைச் செலவழித்துவிட்டு மறுபடி இன்னொரு வாய்க்கால் கரைக்குப் போவார்.

எதுவும் கேட்காமல், எதிலும் கையெழுத்து வைக்காமல் அப்படியே இருந்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தனியார் காணியில் 10 ஆண்டு எதிர்ப்பின்றி இருந்தால் ஆட்சியுரிமை கேட்கலாம் என்ற விதி அரச காணிக்குப் பொருந்தாது. 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணி மீட்புச் சட்டத்தின் கீழ் நீதவான் முன் நிறுத்தப்பட்டால், செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் அல்லது எழுத்திலான அதிகாரம் காட்டுவதுதான் ஒரே எதிர்வாதம். முப்பது வருடம் இருந்தேன் என்பது அங்கே எடுபடாது. ஆகவே சும்மா இருப்பதை ஒரு வழியாக நான் கணக்கில் எடுக்கவில்லை.

எப்போது இதுவே சிறந்தது: குடும்பத்தின் வருமானம் நகரத்துக்குள் நாட்கூலியாக இருக்கும்போது, பெண் தனியே குடும்பத்தை நடத்தும்போது, காணி விடுவிக்கக்கூடிய திணைக்களத்தின் கையில் இருக்கும்போது, 2018 டிசெம்பர் வெள்ளத்தில் முற்றத்தோடு நின்ற தண்ணீர் வீட்டுக்குள் வராதிருந்தால்.

## இரண்டாம் வழி: நகரத்துக்கு வெளியே கால் ஏக்கர்

கால் ஏக்கர் என்றால் 40 பேர்ச். கோழி வளர்க்கலாம், முருங்கை நடலாம், மகளுக்குப் பக்கத்தில் ஒரு வீடு போட்டுக் கொடுக்கலாம். பத்திரமும் பெரும்பாலும் சீக்கிரம் வரும். அரசாங்கம் தானே தெரிவு செய்த காணி என்பதால் திணைக்களங்களுக்கிடையே இழுபறி குறைவு. இந்த இரண்டு நன்மைகளையும் நான் குறைத்துச் சொல்லவில்லை.

இனித் தூரத்தின் கணக்கு. புதுக் குடியிருப்பு நகரத்திலிருந்து 12 கிலோமீற்றர், ஒருவழி பஸ் கட்டணம் 100 ரூபா என்று வைத்துக்கொள்வோம். கணவனும் மனைவியும் மாதம் 24 நாள் வேலைக்குப் போனால் 9,600 ரூபா. பிள்ளை மேல்வகுப்புக்கு நகரப் பாடசாலைக்குப் போனால் பருவச்சீட்டு தனி. பின்னேரக் கடைசி பஸ் ஆறு மணிக்குப் போய்விட்டால் ஓட்டோ. அன்றைய கூலியில் பாதி அதற்கே போகும். ஆகவே மாலையில் கூடுதல் நேர வேலையை விட்டுவிடுவார்கள். வீடுகளில் சமையல், துப்பரவு வேலை செய்யும் பெண்கள்தான் முதலில் வேலையை விடுவார்கள், ஏனென்றால் அந்த வேலை காலையில் இரண்டு மணித்தியாலம், பின்னேரம் இரண்டு மணித்தியாலம் என்று பிரிந்தே இருக்கும். 12 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து அதைச் செய்ய முடியாது. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு மட்டும் தொழிற்சாலை பஸ் வாசலுக்கு வரும். அதனால் தூரக் குடியிருப்புகளில் நிலையான வருமானம் இருபது வயதுப் பெண்பிள்ளைகளின் தோளில் ஏறிவிடுகிறது.

சென்னையில் சேரிகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் விடப்பட்டவர்களுக்கு நடந்ததும் இதுதான். வீடு கான்கிரீட், வேலை மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

அடுத்தது வீட்டுப்பணம். மானியம் எப்போதும் கட்டம் கட்டமாக வரும்: அத்திவாரம் போட்டால் முதல் தொகை, யன்னல் மட்டம் வந்தால் அடுத்தது. அடுத்த தொகைக்குத் தகுதி பெறுவதற்கு முன்பணம் நீங்கள் போட வேண்டும். அந்த முன்பணம் கிழமைக்குக் கிழமை கட்டும் நுண்கடனாக வந்தது. அந்தக் கடன் வடக்கில் எவ்வளவு தூரம் முற்றியது என்பதற்கு 2018 இல் அரசாங்கமே வறட்சி பாதித்த 12 மாவட்டங்களின் பெண்களுக்கு 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க நேர்ந்ததே சாட்சி. 2019 இல் ஆட்சி மாறியதும் முன்னைய அரசாங்கத்தின் வீட்டுத்திட்டக் கொடுப்பனவு பாதியில் நின்றது. கூரையில்லாச் சுவர்கள் இன்றும் வன்னி எங்கும் நிற்கின்றன. 2022 நெருக்கடியில் ஒரு பை சீமெந்து 3,000 ரூபாவைத் தாண்டியது. மானியத் தொகை அதற்கேற்ப ஏறவில்லை. பழைய தகரக் கொட்டிலைப் பிரித்துக்கொண்டு போய்ப் புதுக் காணியில் மறுபடி தகரக் கொட்டில் போட்டுக் காத்திருக்கும் காலம் ஆறு மாதமா ஆறு வருடமா என்பது உங்கள் கையில் இருக்காது.

காட்டு ஓரமாக இருந்தால் யானை. வவுனியா வடக்கிலும் முல்லைத்தீவு மாவட்டத்திலும் இது எல்லோருக்கும் தெரியும். யானை வேலி எங்கே முடிகிறது என்று கேட்காமல் துண்டு பார்க்கப் போகக் கூடாது. நட்ட வாழை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இடத்தெரிவைப் பற்றி ஒரு பக்கவாட்டுச் செய்தி. வவுனியாப் பொருளாதார மத்திய நிலையத்தை ஓமந்தையில் அமைப்பதா தாண்டிக்குளத்தில் அமைப்பதா என்று 2016 இல் அரசியல்வாதிகள் மாதக்கணக்கில் மோதிக்கொண்டார்கள். கடைசியில் மதவுவைத்தகுளத்தில் கட்டினார்கள். கட்டி முடித்த பின்பும் அது ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. ஒரு மரக்கறிச் சந்தைக்கே தூரம் பற்றி அவ்வளவு வாதம் நடந்தது. நூறு குடும்பங்களைத் தள்ளி வைக்கும்போது தூரம் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

எப்போது இதுவே சிறந்தது: இருக்கும் இடம் உண்மையிலேயே வெள்ளத்தில் மூழ்குமானால், பேச்சுக்கு இடமில்லை, போக வேண்டும். மாடு, ஆடு, தோட்டம் என்று வாழ்ந்து பழகிய குடும்பத்துக்கும், நகரத்தில் வேலையை நம்பியிராத ஓய்வூதியக் குடும்பத்துக்கும் இது நல்லது. தூரம் 4, 5 கிலோமீற்றருக்குள் இருந்தால் சைக்கிளில் போகலாம். அப்போது மேலே போட்ட கணக்கு தலைகீழாகிவிடும், நானும் கட்சி மாறுவேன். அயல் முழுவதும் ஒன்றாகப் போவதானால் இன்னும் நல்லது. சீட்டுப் போட்டுத் துண்டு பிரிக்காமல், அயலவர்கள் பக்கம் பக்கமாக இருக்கும்படி கேட்கலாம். பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள், ஏனென்றால் அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

## மூன்றாம் வழி: தொடர்மாடி

வன்னிக்கு இது இன்னும் பேச்சளவில்தான். ஆனால் வவுனியா நகர நடுவில் காணி விலை ஏறுகிற வேகத்தில் யாராவது ஒருவர் இந்த யோசனையோடு வருவார். அப்போது கொழும்பைப் பார்த்தால் போதும்.

தெமட்டகொட, வனாத்தமுல்லைப் பகுதிகளின் குடியிருப்புகளிலிருந்து அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டவர்களுக்குக் கிடைத்த வீடு ஏறத்தாழ 400 சதுர அடி. இலவசம் என்று நினைத்தவர்கள் முதல் மூன்று மாதத்துக்குள் 50,000 ரூபாவும், பிறகு 20 ஆண்டுகளுக்கு மாதம் 3,960 ரூபாவும் கட்ட வேண்டியிருந்தது. கூட்டினால் 10 இலட்சம். பலர் முன்னர் இருந்தது நிரந்தரக் கல்வீடு. மின்தூக்கி பழுதானால் மேல்மாடிக் கிழவி கீழே இறங்குவதில்லை. முற்றத்தில் இடியப்பம் அவித்து விற்றவருக்கு முற்றம் இல்லை. பொதுச் செலவு, அதாவது தண்ணீர்ப் பம்பி, படிக்கட்டு வெளிச்சம், துப்பரவு, எல்லாம் மாதக் கட்டணமாக வரும்.

தூரம் என்ற அளவுகோலில் மட்டும் தொடர்மாடி முழுப் புள்ளி வாங்கும், அதுவும் பழைய இடத்திலேயே கட்டினால். ஓட்டோ ஓட்டுபவர், கடைச் சிப்பந்தி, தாதி போன்று மாத வருமானமும் சிறு குடும்பமும் உள்ளவர்களுக்குப் பொருந்தும். விறகடுப்பும் நாட்கூலியும் கோழியும் உள்ள குடும்பத்துக்குப் பொருந்தாது. நான்கு மாடிக்கு மேல் போகாத, மின்தூக்கி தேவைப்படாத கட்டடம் என்றால் மட்டும் உட்கார்ந்து பேசலாம்.

## நான்காம் வழி: வாடகை

இதை யாரும் மேசையில் வைப்பதில்லை. ஆனால் கால் ஏக்கரை வாங்கிய பலர் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறார்கள்: காணி வெளியே சும்மா கிடக்கும், குடும்பம் நகரத்தில் ஓர் அறைக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருக்கும். அதுவே மோசமான சேர்க்கை. மாதாமாதம் பணம் போகும். புதுக் காணியில் குடியிருந்து விருத்தி செய்யவில்லை என்று அனுமதிப்பத்திரத்தையும் ரத்துச் செய்யலாம்.

வீட்டுக்காரர் எழுத்தில் ஒன்றும் தரமாட்டார், முற்பணம் ஆறு மாதம் கேட்பார், பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கேட்பார். சாதியையும் "எந்த ஊர்" என்பதையும் சுற்றிவளைத்துக் கேட்பார். இதை எழுதாமல் விட்டால் வன்னி நகரங்களில் வாடகை பற்றி உண்மை எழுதியதாகாது. படிக்கும் காலத்துக்கோ, வீடு கட்டி முடியும் வரைக்குமோ சரி. வேறு எதற்கும் இல்லை.

## ஒரே பார்வையில்

| | இருந்த இடம் | வெளியே கால் ஏக்கர் | தொடர்மாடி | வாடகை |
|---|---|---|---|---|
| வேலைக்குத் தூரம் | நடந்து போகலாம் | பஸ்ஸை நம்ப வேண்டும் | பழைய இடத்திலேயே கட்டினால் நன்று | நன்று |
| பத்திரம் | தாமதம், திணைக்களத்தைப் பொறுத்தது | விரைவு | தவணை முடியும்வரை கையில் வராது | இல்லை |
| வெள்ளம், கிணறு | இடத்துக்கிடம் மாறும் | வெள்ளம் குறைவு, கோடையில் கிணறு வற்றலாம் | குழாய்நீர் | வீட்டைப் பொறுத்தது |
| மாதச் செலவு | குறைவு | போக்குவரத்தும் வீட்டுக்கடனும் | தவணையும் பராமரிப்பும் | வாடகை, ஏறிக்கொண்டே போகும் |
| அயல் | அப்படியே | ஒன்றாகப் போனால் உண்டு | பாதி | இல்லை |

## கையெழுத்துக்கு முன்

பத்திரம் இல்லாதவர்களுக்கு எதையும் கேட்க உரிமை இல்லை என்று கூட்டத்தில் யாராவது சொன்னால் 2001 இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட தேசிய சுயவிருப்பற்ற மீள்குடியேற்றக் கொள்கையை நினைவூட்டுங்கள். உறுதி இல்லாதவர்களையும் நியாயமாக நடத்த வேண்டும் என்பது அதில் இருக்கிறது. அது சட்டம் இல்லை, கொள்கைதான். நீதிமன்றத்தில் அதை மட்டும் வைத்து வெல்வது கடினம். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது தெரியும் என்பதே பேச்சின் தொனியை மாற்றும்.

காணி எந்தத் திணைக்களத்துடையது, நில அளவை வரைபடத்தில் ஒதுக்கீடு எத்தனை அடி, திட்டத்துக்கு உண்மையில் எத்தனை அடி தேவை என்ற மூன்றையும் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மூன்றாவது கேள்விதான் முக்கியம். ஒதுக்கீடு 60 அடியாக இருக்கும், வேலைக்கு 20 அடி போதுமாக இருக்கும். மீதி 40 அடியில்தான் பேரம்.

பெயர் விடயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வாரிசு வரிசையில் 2022 திருத்தம் வரும்வரை ஆண் பிள்ளைக்கே முதலிடம் இருந்தது. பழைய பழக்கத்தில் இன்னும் படிவத்தில் குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் கணவன் பெயரையே எழுதுகிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டவரின் பெயரில் பத்திரம் எழுதினால் மனைவியால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 2016 சட்டத்தின் கீழ் பெற்ற காணாமற்போனமைக்கான சான்றிதழ் இருந்தால் அதைக் கொடுத்து மனைவியின் பெயரிலேயே எழுதச் சொல்லலாம். வாரிசாக யாரை நியமிப்பது என்பதையும் அன்றே பதிவு செய்துவிடுங்கள். எந்த அளவுக்குக் கீழே காணியைப் பிரிக்கக் கூடாது என்பதும் அளிப்பில் எழுதப்பட்டிருக்கும். இரண்டு பிள்ளைகளுக்குப் பகிர நினைப்பவர்கள் அந்த வரியை வாசிக்காமல் வாங்கக் கூடாது.

வெளியே போவதென்று முடிவெடுத்தவர்கள் ஒரு நாள் விடியற்காலை அந்த இடத்திலிருந்து உங்கள் வேலையிடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அதுவும் புரட்டாசியில் இல்லை, கார்த்திகையில். கிறவல் வீதி அப்போதுதான் தன் குணத்தைக் காட்டும். கிணற்றைக் கோடையின் கடைசியில் பார்க்க வேண்டும். இரண்டு பருவத்துக்கும் காத்திருக்க முடியாது என்றால் பக்கத்து ஊரில் பத்து வருடமாக இருக்கும் ஒருவரிடம் விசாரிக்கலாம்.

விருப்பப் படிவத்தில் புதுக் காணியின் துண்டு இலக்கம், அளவு, பத்திர வகை, வீட்டு மானியத் தொகை, பழைய வீட்டைப் பிரிக்க வேண்டிய திகதி ஆகிய ஐந்தும் நிரப்பப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் கடைசித் திகதி மட்டும் நிரப்பப்பட்டிருக்கும். அப்படியிருந்தால் படிவத்தின் போட்டோப் பிரதி ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். மீதி நான்கும் எழுதப்பட்ட பிறகு கையெழுத்து வைக்கலாம்.